ஜோன் சீமோரின் தற்சார்புப் புத்தகம்: வன்னிக் காணிக்குச் சரிவருமா?

ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்து, அரை ஏக்கருக்குக் குறையாத மேட்டுக்காணியும் வற்றாத கிணறும் இருக்கிறவர்கள் இதைத் தாராளமாக வாங்கலாம். முற்றத்தில் நாலு பூச்சாடி வைத்திருக்கிறவர்களுக்குக் காசு நட்டம்.

1976இல் வந்த ‘த கொம்ப்ளீட் புக் ஒஃப் செல்ஃப் சஃபிஷியன்சி’யைத்தான் சொல்கிறேன். லண்டனிலிருந்து வந்த மச்சாள் பழைய பிரதி ஒன்றைக் கொண்டுவந்து தந்தாள். நல்ல பாரம். படுத்துக்கொண்டு வாசிக்க முடியாது. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் கோட்டுப் படங்கள். மண்வெட்டி, அரிவாள் வகைகள், பால் கறக்கும் கை, தேன்கூடு என்று எல்லாம் வரைந்து காட்டியிருக்கிறார்கள்.

சீமோர் சும்மா மேசையில் இருந்து எழுதினவர் இல்லை. 1914இல் இங்கிலாந்தில் பிறந்து, இருபது வயதில் ஆபிரிக்காவுக்குப் போய்ப் பண்ணையிலும் சுரங்கத்திலும் வேலை செய்தவர். உலகப் போரில் ஆபிரிக்கப் படைப்பிரிவோடு இலங்கைக்கு வந்து, இங்கிருந்துதான் பர்மா போர்முனைக்குப் போனார். அப்புறம் சஃபோக்கில் 5 ஏக்கர், பிறகு வேல்ஸில் ஒரு பண்ணை, அதன் பிறகு அயர்லாந்து. எண்பது தாண்டிய வயதில், மரபணு மாற்றிய பீற் பயிரைச் சேதப்படுத்தியதாக மற்றவர்களோடு சேர்ந்து நீதிமன்றம் ஏறியவர். 2004இல் இறந்தார்.

என் காசுக்குப் பெறுமதி ஒரு ஏக்கர் காணியைப் பிரிக்கும் பகுதிதான். பாதியைப் புல்லுக்கு விடு, மாடு அதில் மேயட்டும். மற்றப் பாதியை நாலாகப் பிரித்து வருடா வருடம் பயிரை மாற்று என்கிறார். எங்கள் கணக்கில் ஏக்கர் 16 பரப்பு. 8 பரப்பு புல், மிச்சத்தில் துண்டுக்கு 2 பரப்பு. உருளைக்கிழங்கு, அவரைக் குடும்பம், கோவாக் குடும்பம், வேர்க்கிழங்குகள் என்று அவருடைய சுற்று போகும். கோவாவும் கரட்டும் எங்கள் ஒட்டுசுட்டான் வெயிலில் எங்கே? நான் மரவள்ளி, பயறு, கத்தரியும் மிளகாயும், சின்ன வெங்காயம் என்று மாற்றினேன். பயறு போட்ட துண்டில்தான் அடுத்த முறை கத்தரி, மிளகாய். கத்தரி பிடுங்கிய இடத்தில் திரும்ப மிளகாய் வைப்பது எங்கள் பக்கத்தில் சாதாரணம். இரண்டும் ஒரே குடும்பம், ஒன்றின் வாடல் நோய் மண்ணில் கிடந்து மற்றதைப் பிடிக்கும். சுற்றுக்குக் காரணத்தை இவ்வளவு தெளிவாகச் சொன்ன வேறு புத்தகம் என் கையில் அகப்படவில்லை.

மாடு வேண்டுமா வேண்டாமா என்பதிலும் மனுசன் நேர்மை. ஒரு ஏக்கரில் மாடு வைத்தால் தீனியில் கொஞ்சம் வெளியில் வாங்கத்தான் வேண்டும் என்று ஒளிக்காமல் சொல்கிறார். ஆனால் அவருக்கு ஆவணி மாதத்து வன்னி தெரியாது. அப்போது 8 பரப்பில் பச்சையாக ஒரு நுனி நிற்காது. குளத்து அலைகரைக்குத்தான் மாட்டை ஓட்ட வேண்டும்.

பெரிய குறை தண்ணீர். வேல்ஸில் வருடம் முழுக்கத் தூறும். எங்களுக்கு ஐப்பசியில் தொடங்கி மார்கழியோடு பெரும்பகுதி கொட்டித் தீர்ந்துவிடும். மண்ணை ஆழக் கிளறி, மிதிக்காமல் வைத்திருக்கும் பாத்தியை அவர் மெச்சுகிறார். மழைக் காலத்தில் அது அருமை. கோடையில் உயர்ந்த பாத்தி சீக்கிரம் காய்ந்துவிடும். பாத்தியைப் பதித்து வெட்டி, வைக்கோலும் பனை ஓலையும் மூடினால்தான் எங்கள் சிவப்பு மண்ணில் ஈரம் நிற்கும். பன்றி வளர்க்கும் பக்கங்களைத் தட்டிவிட்டுப் போகலாம். இங்கே பன்றி தானாக இரவில் வந்து மரவள்ளியைக் கிளறிவிட்டுப் போகிறது. யானைக்கு அவரிடம் மருந்தே இல்லை.

பக்கத்து வீட்டு மாமி படங்களைப் புரட்டிவிட்டுச் சிரித்தா. “இதைப் படிக்க வெள்ளைக்காரன் வேணுமோ? தொண்ணூறுகளில பனம்பழத்தில உடுப்புத் தோய்ச்சு, ஜாம் போத்தல் விளக்கில பிள்ளையளைப் படிப்பிச்சனாங்கள்.” உண்மைதான். போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்த சனத்துக்குத் தற்சார்பு என்றாலே அந்தக் கஷ்ட காலம்தான் நினைவு வரும். 2021இல் உரத் தடை, 2022இல் அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு தந்து தோட்டம் செய்யச் சொன்னது, எல்லாம் அதே வரிசையில் சேர்ந்துவிட்டன. சீமோர் சொல்வது வேறு. இது தரம் குறைந்த வாழ்க்கைக்குத் திரும்பிப் போவதில்லை, நல்ல சாப்பாட்டுக்கும் விருப்பமான வேலைக்கும் போவது என்கிறார். மாமிக்கு நான் தமிழில் வாசித்துச் சொன்னது அந்தப் பக்கத்தை மட்டும்தான். “அவருக்குத் தடை போட ஆள் இல்லை” என்றா. அதுவும் சரி.

பியர் காய்ச்சுவது, பழ வைன், புகையில் இறைச்சி வாட்டுவது எல்லாம் வாசிக்கச் சுவாரசியம், அவ்வளவுதான். பனையிலிருந்து வரும் கள், ஒடியல், பனாட்டு பற்றித் தேடி இதற்குள் போக வேண்டாம்.

புதிய திருத்திய பதிப்பும் வந்திருக்கிறது. பழைய பிரதி மலிவாகக் கிடைத்தால் அதுவே போதும். வாங்குவதென்றால் ஆடியிலேயே சொல்லி எடுப்பித்துக்கொள்ளுங்கள். மழை விழுவதற்குள் துண்டு பிரித்து வேலியும் அடைக்க நேரம் வேண்டும்.