நாள் தள்ளிய வாரத்தில் ஊரில் பார்த்த ஆஸ்பத்திரிகள்

தங்கை கல்யாணத்துக்காக இங்கிலாந்தின் லீட்ஸிலிருந்து திருவையாறு பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். அங்கே இருக்கும்போதுதான் நாள் தள்ளிப்போனது. மெடிக்கலில் கிட் வாங்கிப் பார்த்ததில் இரண்டு கோடும் தெரிந்தன. சில நாள் கழித்து லேசாக ரத்தம் பட ஆரம்பித்தது. முதலில் பழுப்பாக, அப்புறம் கொஞ்சம் சிவப்பாக. இதே நிலையில் ஊரில் இருக்கப்போகிற வேறு யாருக்காவது உதவும் என்பதால், அங்கே கிடைத்த மருத்துவச் சேவையைப் பற்றி எழுதுகிறேன்.

பெரியம்மா "அது கரு தங்குற ரத்தம், பயப்படாதே" என்றார். அந்தப் பேச்சு எல்லா வீட்டிலும் உண்டு. கருமுட்டை வெளியாகி 6 முதல் 12 நாளுக்குள் கரு கருப்பையில் ஒட்டிக்கொள்கிறது. பெரும்பாலானவர்களுக்கு 8, 9, 10ஆம் நாட்களில். எனக்குப் பட்டதோ நாள் தள்ளி, கிட்டில் கோடும் தெரிந்த பிறகு, அதாவது கரு ஒட்டி முடிந்த பிறகு. அதனால் அது ஒட்டும்போது வந்த ரத்தமாக இருக்க வழியில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் ஏறக்குறைய நாலில் ஒருத்திக்கு ஏதோ ஒரு அளவில் ரத்தம் படுகிறது, அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் கர்ப்பம் நல்லபடியாகவே தொடர்கிறது. இந்த ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டுதான் அன்று கிளம்பினேன்.

முதலில் போனது டவுனில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனைக்கு. வேகத்தைக் குறை சொல்ல முடியாது. காலையில் டோக்கன் வாங்கி, மதியத்துக்குள் ரத்தம் கொடுத்து, ஸ்கேனும் எடுத்தாகிவிட்டது. ஸ்கேனுக்கு முன்னால் அடையாள அட்டை நகல் கேட்டு, எஃப் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம் என்ற பலகை சுவரில் இருந்தது. அதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி கர்ப்பிணிக்கு எடுக்கும் எல்லா ஸ்கேனுக்கும் இந்தப் படிவம் உண்டு. வெளிநாட்டிலிருந்து போகிறவர்கள் அடையாள அட்டையையும், டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டையும் கையில் வைத்திருந்தால் அலைச்சல் இல்லை.

சிக்கல் ஸ்கேனுக்கு அப்புறம். வயிற்றின் மேல் வைத்துப் பார்த்துவிட்டு, "ஆறு வாரம் தாண்டியாச்சு, கரு வளர்ற பை தெரியல. கலைஞ்சிருக்கு. நாளைக்கு வாங்க, கிளீன் பண்ணிடலாம்" என்றார்கள். உட்கார்ந்து பேச இரண்டு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. அம்மா அங்கேயே அழுதுவிட்டார். எனக்கு எப்போதும் 35 நாளுக்கு மேல்தான் மாதவிடாய் வரும். கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணும் கணக்கு, 28 நாளுக்கு ஒருமுறை வருகிறவர்களை வைத்துப் போட்டது. எனக்குக் கருமுட்டை தாமதமாக வெளியாகியிருக்கும் என்றால் உண்மையான வாரம் ஐந்துதான். அதைக் கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை. இது எனக்கு இன்னும் ஆறாத கோபம். விரும்பிச் சுமக்கும் ஒரு கர்ப்பத்தை முடிப்பது பற்றிப் பேசும் முன்னால், மாதவிடாய் எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும் என்று ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

மறுநாள் அங்கே போகவில்லை. எங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையத்தில் இருக்கும் நர்சம்மாவிடம் அம்மா அழைத்துப் போனார். ஸ்கேன் மிஷின் கிடையாது, ஒரு மேசை, பி.பி. பார்க்கும் கருவி, மாத்திரை டப்பாக்கள். அவர் கேட்ட கேள்விகளை வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் அந்தக் கேள்விகள்தான் எனக்குத் தைரியம் கொடுத்தன. "எத்தனை நாப்கின் நனையுது? கட்டி கட்டியா விழுதா? வயிறு ஒரு பக்கமா மட்டும் இழுத்து வலிக்குதா? தோள்பட்டையில வலி? எழுந்தா கண்ணு இருட்டுதா? ரத்த வகுப்பு என்னம்மா?" ஒரு பக்க வலி, தோள்பட்டை வலி, மயக்கம் என்றால் கரு கருப்பைக்குப் போகாமல் டியூபிலேயே (கருக்குழாயில்) தங்கியிருக்கலாம், அது வெடித்தால் உயிருக்கே ஆபத்து, அப்படி ஒன்று வந்தால் யாரையும் கேட்காமல் 108க்குப் போன் போடு என்றார். மணிக்கு ஒரு நாப்கின் முழுக்க நனைந்தாலும் அதே பேச்சு. ரத்த வகுப்பு நெகட்டிவ் என்றால், குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடம்பு திரும்பாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி தேவையா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும், நான் பாசிட்டிவ். ஃபோலிக் ஆசிட் மாத்திரை கொடுத்தார், காசில்லை. "பெரிய டாக்டர் ரெண்டாவது தடவை பார்க்காம எதுக்கும் கையெழுத்துப் போடாதே" என்றும் சொல்லி அனுப்பினார்.

அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் தஞ்சாவூர் ராஜா மிராசுதார் அரசு மருத்துவமனைக்குப் போனோம். எங்கள் பக்கத்தில் பிரசவம் என்றாலே எல்லார் வாயிலும் வரும் பெயர் அது. அங்கிருந்த மருத்துவர் தனியாரில் எடுத்த ரத்த ரிப்போர்ட்டை நிதானமாகப் படித்தார். அதில் பீட்டா எச்சிஜி, அதாவது கர்ப்பத்தில் ரத்தத்தில் ஏறும் ஹார்மோன், 900 சொச்சம். "இந்த அளவுக்கு உள்வழியா, அதாவது பிறப்புறுப்பு வழியா, ஸ்கேன் பண்ணாலும் பை தெரியாமப் போகலாம்மா. மேல வச்சுப் பார்த்தா எப்படித் தெரியும்?" என்றார். பெரும்பாலும் 1,500ஐத் தாண்டிய பிறகுதான் பை தெரிய ஆரம்பிக்கும், சிலருக்கு 3,500 வரைகூட ஆகலாம் என்று விளக்கினார். முதல் சோதனைக்கு இரண்டு நாள் கழித்து அதே லேபில் மறுபடி ரத்தம் பார்க்கச் சொன்னார். வேறு லேப் என்றால் எண்களை ஒப்பிடுவது சரியாக வராது. கர்ப்பம் நன்றாகப் போனால் அந்த எண் இரண்டு மூன்று நாளில் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

இரண்டாவது எண் 1,900ஐத் தாண்டியிருந்தது. ஆனால் எண் ஏறியது மட்டும் போதாது, கரு கருப்பைக்குள்தான் இருக்கிறது என்று கண்ணால் பார்க்கும்வரை கவனமாக இரு என்றார் அவர். அந்தக் காத்திருப்புதான் கஷ்டம். படுத்தே இருக்க வேண்டுமா என்று அம்மா கேட்டதற்கு, படுத்திருப்பதால் கரு நிற்கும் என்று எந்த ஆய்வும் காட்டவில்லை, களைப்பாக இருந்தால் ஓய்வெடுக்கட்டும், வீட்டுக்குள் நடக்கட்டும் என்றார். உறவுக்காரர்கள் எள், பப்பாளி, நான் வந்த விமானம் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். இந்த மாதங்களில் கரு கலைவதற்குப் பெரும்பாலும் காரணம் கருவின் குரோமோசோம் கோளாறுதான், சாப்பிட்டதும் நடந்ததும் இல்லை. இதை ஊரில் இன்னும் பலமாகச் சொல்ல வேண்டும். கலைந்துபோனவளிடம் "என்ன தின்னே?" என்று கேட்பது பெரிய கொடுமை.

அடுத்த ஸ்கேன் உள்வழியாகத்தான் எடுத்தார்கள். கருப்பைக்குள் பை, அதற்குள் கருவுக்கு ஆரம்பத்தில் ஊட்டம் தரும் மஞ்சள்கருப் பை, சின்னதாகத் துடிப்பு. பைக்குப் பக்கத்தில் கொஞ்சம் ரத்தம் தேங்கியிருந்தது, பட்டதற்குக் காரணம் அதுவாக இருக்கலாம் என்றார்கள். அப்புறம் ஒரு வாரத்தில் படுவதும் நின்றது.

போகிறவர்களுக்கு ஒன்று: கடைசி மாதவிடாய்த் தேதி, எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும், ரத்த வகுப்பு, இந்த மூன்றையும் போனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எல்லா ரிப்போர்ட்டும் அசலாகக் கேட்டு வாங்குங்கள். லீட்ஸ் திரும்பியதும் மிட்வைஃப் முதலில் கேட்டது அந்தக் காகிதங்களைத்தான். பன்னிரண்டாம் வார ஸ்கேனில் கிடைத்த பிரசவத் தேதி, மாதவிடாய்க் கணக்கைவிட ஒரு வாரத்துக்கு மேல் தள்ளி, தஞ்சாவூர் டாக்டர் எழுதிக் கொடுத்த தேதியோடு ஒத்துப்போனது.