இல்லை என்று சொல்லத் தெரிய வேண்டும்: ஃப்ரீபிஎஸ்டியில் லினக்சுலேட்டரோடு நான்கு வருடம்

திருகோணமலை உட்துறைமுக வீதிப் பக்கம் எங்கள் ஸ்டூடியோ. படங்களெல்லாம் ஃப்ரீபிஎஸ்டி 13 என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளம் போட்ட ஒரு கணினியில்தான் இருக்கின்றன. 2022 மின்வெட்டுக் காலத்தில் எத்தனை தடவை மின்சாரம் போய் வந்தும் அதன் கோப்புமுறைமையான இசட்எஃப்எஸ் ஒரு படத்தைக்கூடக் கைவிடவில்லை. அதனால் வேறு இயங்குதளத்துக்குப் போக மனம் வரவில்லை. ஆனால் கமெராவிலிருந்து படங்களை இறக்கும் மென்பொருள் லினக்ஸுக்கு மட்டும்தான் வருகிறது, மூலநிரலும் இல்லை. அதை இங்கே ஓட வைப்பது, லினக்ஸ் நிரல்களுக்காக ஃப்ரீபிஎஸ்டியில் உள்ள லினக்சுலேட்டர் என்ற அடுக்கு.

இது மெய்நிகர் கணினி அல்ல. ஒரு நிரல் இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்புக்குச் சிஸ்டம் கால் என்று பெயர், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. லினக்ஸ் நிரல் கேட்கும் அழைப்பின் எண்ணைப் பார்த்து, ஃப்ரீபிஎஸ்டி கெர்னல் தன்னிடமுள்ள அதே வேலையைச் செய்து கொடுக்கும். அந்த வேலை இல்லையென்றால் ‘ஈநோசிஸ்’ என்ற பிழை போகும். அந்தப் பிழைக்கு ஃப்ரீபிஎஸ்டியில் எண் 78, லினக்ஸில் 38. அந்த மாற்றத்தையும் இந்த அடுக்கே செய்கிறது.

நான் முதலில் சேர்த்தது 326ஆம் எண் அழைப்பு, கோப்பிலிருந்து கோப்புக்கு நகலெடுக்கும் ‘காப்பி ஃபைல் ரேஞ்ச்’. என்னிடமிருந்த பதிப்பில் அதற்கு வெறும் பெயர்தான் இருந்தது. ஆனால் ஃப்ரீபிஎஸ்டி 13இல் இதே வேலைக்குச் சொந்த அழைப்பு உண்டு. அழைப்புகளின் பட்டியலான ‘சிஸ்கால்ஸ்.மாஸ்டர்’ கோப்பில் ஒரு வரியைத் திருத்தி, அதிலிருந்து அட்டவணைகளை உருவாக்கும் ‘மேக் சிஸென்ட்’ கட்டளை கொடுத்து, லினக்ஸ் அழைப்பைச் சொந்த அழைப்புக்கு அனுப்பும் சின்ன உறை நிரல் ஒன்று எழுதினேன். ஒரே மாலையில் முடிந்தது.

அந்தத் தைரியத்தில்தான் 316இல் கை வைத்தேன்: கோப்பின் பெயரை மாற்றும் ‘ரினேம்அட்2’. மென்பொருள் படத்துக்கு இறுதிப் பெயர் வைக்கும்போது, ‘அந்தப் பெயரில் ஏற்கெனவே கோப்பு இருந்தால் மேலெழுதாதே’ என்று ஒரு கொடியும் (அழைப்போடு போகும் குறிப்பு) அனுப்பும். லினக்சுலேட்டர் அந்தக் கொடி தெரியாது என்று மறுக்க, இறக்கும் வேலை நின்றுவிடும். நான் கொடியைப் பார்க்காமலே சாதாரணப் பெயர்மாற்றமாக விட்டேன். வேலை ஓடியது, பிழை எதுவும் வரவில்லை.

பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவுக்கு இரண்டு கமெரா கொண்டுபோனோம். இரண்டிலும் ஒரே இலக்கமுள்ள படங்கள். இரண்டாவது கார்டை இறக்கியபோது முதலாவதன் படங்கள் சத்தமில்லாமல் அழிந்தன. கார்டை இன்னும் துடைக்காதபடியால் தப்பினோம். அன்றிரவு எனக்கு நித்திரையே இல்லை. மறுத்த கெர்னல்தான் படங்களைக் காத்து நின்றது. ‘ஆம்’ என்று பொய் சொல்ல வைத்தது நான்.

இப்போது அந்த இடத்தில் முதலில் ‘லிங்க்’ போடுகிறேன், அதாவது அதே கோப்புக்குப் புதுப் பெயரையும் சேர்க்கிறேன். பெயர் ஏற்கெனவே இருந்தால் கெர்னலே மறுத்துவிடும். வெற்றியென்றால் மட்டும் பழைய பெயரை நீக்குகிறேன். கோப்புறைகளுக்கு இப்படிச் செய்ய ஏலாது, அவற்றுக்குப் பழையபடி மறுப்புத்தான்.

இல்லாத மற்ற அழைப்புகளை அப்படியே விட்டிருக்கிறேன். புது இழைகளையும் செயல்களையும் உருவாக்கும் ‘குளோன்3’ இல்லையென்று பதில் போனால், லினக்ஸ் நிரல்கள் பயன்படுத்தும் அடிப்படை நூலகமான கிளிப்சி தானாகப் பழைய ‘குளோன்’ அழைப்புக்குத் திரும்பும். அதற்கு நான் எதற்கு? கோப்பு வாசிப்பு, எழுத்து வேலைகளை வரிசையாகக் கெர்னலிடம் கொடுக்கும் ‘ஐஓ யூரிங்’ பக்கம் போகவே மாட்டேன்.

கெர்னலைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் லினக்சுலேட்டர் மாட்யூலைத் திரும்பக் கட்டி, ஒரே பெயரில் இரண்டு படங்களை இறக்கிப் பார்த்த பிறகுதான் கடையைத் திறக்கிறேன்.