மஞ்சள் கேசட்டும் மடித்த பேருந்துச் சீட்டும்: ஒரு டிவி கேமின் நெடுநாள் அனுபவம்

நண்பர் ஒருவர் தம் வீட்டுப் பரணிலிருந்து பழைய டிவி கேம் பெட்டியையும் ஒரு பை நிறையக் கேசட்டுகளையும் இறக்கியிருக்கிறார். எதுவுமே ஓடவில்லை, காயலான் கடைக்குப் போட்டுவிடலாமா என்று கேட்கிறார். 1997இல் அப்பா வாங்கித் தந்த அதே வகைப் பெட்டியை நான் இன்றும் வைத்திருக்கிறேன்; அதன் பதினான்கு கேசட்டுகளையும் பிரித்துச் செப்பனிட்டது சென்ற மாதம்தான். ஆகவே சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன். 1983இல் நின்டென்டோ நிறுவனம் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற டிவி கேம் பெட்டியின் எண்ணற்ற நகல்களில் ஒன்று, மேலே கேசட்டின் 60 உலோக முனைகளைத் தொடும் செருகுவாய், மஞ்சள் கேசட்டுகள் என்பதற்குமேல் பெட்டிக்கு அறிமுகம் வேண்டியதில்லை.

முதலில் பாராட்டைச் சொல்லிவிடுகிறேன். கேசட் ஓடாதபோது அதற்கு என்ன நோய் என்பதைத் திரையே காட்டிக்கொடுத்துவிடுகிறது. இன்றைய கருவிகளில் நான் காணாத குணம் இது. இந்தக் கேசட்டுகளில் ஆட்டத்தின் நிரல் ஒரு நினைவகத்திலும், படங்களின் வடிவங்கள் இன்னொரு நினைவகத்திலும் இருக்கும். இரண்டுக்கும் தனித்தனி முனைகள். நிரலுக்கான முனைகளில் அழுக்கேறியிருந்தால் திரை ஒரே நிறமாக உறைந்து நிற்கும். படத்துக்கான முனைகள் கெட்டிருந்தால், பின்னணி இசை ஒழுங்காக ஒலிக்க, ஜாய்ஸ்டிக்கை அழுத்தினால் மாரியோவும் குதிக்க, சுவரும் குழாயும் மட்டும் எண்ணும் எழுத்துமாகச் சிதறிக் கிடக்கும். திரை முழுவதும் எட்டுப் புள்ளிக்கு ஒன்றாகச் செங்குத்துக் கோடுகள் விழுந்தால், படத் தரவைக் கொண்டுசெல்லும் எட்டு முனைகளில் ஒன்று தொடவில்லை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். இன்னொரு விந்தையும் உண்டு. ஃபேமிகாமில் பெட்டி எழுப்பும் ஒலி 45ஆம் முனை வழியே கேசட்டுக்குள் போய், 46ஆம் முனை வழியே திரும்பி வந்துதான் தொலைக்காட்சிக்குச் செல்கிறது. படம் குறையின்றி வந்தும் ஒலி மட்டும் இல்லாமற்போன ஒரு கேசட்டுக்காக நான் தொலைக்காட்சிக் கம்பியை மூன்று முறை மாற்றிப் பார்த்த மடமையை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

வாயால் ஊதுவதைப் பற்றி ஒரு சொல். நாம் எல்லோருமே ஊதினோம். ஊதியதும் ஓடியது என்று சத்தியமும் செய்வோம். உண்மையில் ஓட வைத்தது ஊதல் அன்று. பிடுங்கி மறுபடி செருகும்போது செருகுவாயின் கம்பிகள் முனைகளின்மேல் உரசி, அழுக்கை ஒரு கோடளவு சுரண்டிவிடுவதுதான். மூச்சில் இருக்கும் ஈரம் உள்ளே தங்கிக் களிம்பு ஏற்றியது. ஊதாதீர்கள் என்று நின்டென்டோவே எச்சரித்திருக்கிறது. என் கேசட்டுகளில் அதிகக் களிம்பு பிடித்திருந்தவை, நான் அதிகம் விரும்பி ஆடியவை, அதாவது அதிகம் ஊதியவை.

துடைக்கும் முறை எளிது. என்னுடையவற்றின் ஓட்டில் திருகு கிடையாது. காலாவதியான ஏடிஎம் அட்டையை இடுக்கில் நுழைத்து மெல்ல நெம்பினால் கவ்விகள் ஒவ்வொன்றாக விடுபடும். 99 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியைத் தோய்த்து, முனைகளின் நீளவாக்கில் மேலிருந்து கீழாகத் துடைக்க வேண்டும். முதல் குச்சி கரியாக வரும், இரண்டாவது பச்சை கலந்த பழுப்பாக வரும், ஐந்தாவதோ ஆறாவதோ வெள்ளையாகவே வரும், அப்போது நிறுத்தலாம். பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்ப்பவர்கள் உண்டு. விரைவாகப் பளிச்சிடும் என்பது உண்மைதான். ஆனால் மேற்பூச்சும் சேர்ந்து தேய்ந்து போகும், துகள்கள் செருகுவாய்க்குள் விழும். களிம்பு அடங்காத இடத்தில் மட்டும் இரண்டு இழுப்பு இழுத்தேன்.

துடைத்ததிலேயே பத்து கேசட்டுகள் பிழைத்தன. இரண்டில் முனைக்குச் சற்று மேலே செம்புத் தடம் விரிசல் விட்டிருந்ததை மின்தொடர்பைச் சோதிக்கும் மல்டிமீட்டர் காட்டியது. மேற்பூச்சைச் சுரண்டி மயிரிழைக் கம்பியை ஈயம் வைத்து ஒட்டினேன். எஞ்சிய இரண்டும் போனவை போனவைதான். மலிவு கேசட்டுகளில் சில்லை நேரடியாக மின்சுற்றுப் பலகையில் ஒட்டிக் கறுப்புப் பிசினால் மூடிவிடுவார்கள். அந்தப் பொட்டுக்குள் ஏதேனும் அறுந்துவிட்டால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. கேசட்டைக் குறை சொல்லும் முன் அடாப்டரையும் பாருங்கள். பெட்டிக்குள் 5 வோல்ட் தரும் 7805 சில்லுக்கு உள்ளீடாக 7 வோல்ட்டாவது வேண்டும். என் பழைய அடாப்டரின் மின்தேக்கி காய்ந்துபோனதால், நன்றாக இருந்த கேசட்டுகளும் பாதியில் உறைந்தன.

இவ்வளவும் சரியாகிவிட்டது. சரியாகாத ஒன்றுதான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக என் பொறுமையைத் தின்கிறது. செருகுவாயின் பின்வரிசைக் கம்பிகள் தளர்ந்துவிட்டன. ஓட்டுக்குள் பலகையும் ஆடுகிறது. கேசட்டை நேராகச் செருகினால் ஓடாது. தொலைக்காட்சிப் பக்கமாகச் சற்றே சாய்த்துப் பிடித்தால் ஓடும். கையை எடுத்தால் நிற்கும். கல்லூரிக் காலத்தில் 29சி பேருந்தின் சீட்டொன்றை எட்டாக மடித்துக் கேசட்டுக்குப் பின்னால் செருகினேன். அதுவே நிரந்தர உறுப்பாகிவிட்டது. ஏழாக மடித்தால் போதாது, ஒன்பதாக மடித்தால் நுழையாது. ஊசியால் கம்பிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன். ஒரு மாதம் தாங்கியது. சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் அலைந்து 60 முனைப் புதுச் செருகுவாய் ஒன்றை வாங்கி, அறுபது முனைகளிலும் பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் பொருத்தினேன். அது கேசட்டை உடும்புப் பிடியாகப் பிடித்தது. இழுத்தபோது மஞ்சள் ஓடு மட்டும் என் கையோடு வந்தது, பலகை உள்ளேயே நின்றது. மூன்று வாரத்தில் அந்தப் பிடியும் தளர்ந்து, பேருந்துச் சீட்டு மறுபடி வேலைக்கு வந்தது.

நியாயமாகச் சொன்னால், அன்றைய விலைக்கு இத்தனை ஆண்டு உழைத்த பெட்டியை மலிவுச் சரக்கு என்று ஒதுக்குவது அழகன்று. மின்சாரம் போய்ப் போய் வந்த ஊரில், மூன்று வீடு மாறி, இரண்டு மழைக்காலங்களில் நனைந்தும் அதன் தாய்ப்பலகை இன்றும் உயிரோடிருக்கிறது. போட்டவுடன் ஆட்டம் தொடங்குகிறது. எதையும் தரவிறக்கச் சொல்வதில்லை. ஆனால் நேற்று மாலை அக்காள் மகனுக்குப் பெருமையாகக் காட்ட உட்கார்ந்து, பன்னிரண்டு முறை பிடுங்கிச் செருகி, சீட்டை மாற்றி மாற்றி மடித்து, கடைசியில் ஒரு தட்டுத் தட்டியதும் படம் வந்தபோது, அவன் கைப்பேசியை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போயிருந்தான். அந்த எரிச்சல் ஆறாமல் இருக்கும்போதே எழுதுகிறேன்: புதிதாகத் தேடி வாங்க நினைப்பவர்கள் யாரும் இதை வாங்க வேண்டாம், பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம்.

நண்பர் தம்முடையதைக் காயலான் கடைக்குப் போடுவதென்று முடிவு செய்தால், அதற்கு முன் என் வீட்டுக்கு எடுத்து வரட்டும். அவருடைய பெட்டியின் செருகுவாய் இறுக்கமாக இருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டும்.