கஞ்சா வெண்ணெய்: சட்டியில் வேண்டாம், தட்டில் போடுங்கள்

113 கிராம் டப்பா, உப்பில்லாத வெண்ணெய், மொத்தம் 100 மில்லிகிராம் டிஹெச்சி (கஞ்சாவில் போதை தரும் பொருள்). சான் ஹோசேயில் உரிமம் பெற்ற ஒரு கடையில் வாங்கினேன். வரியெல்லாம் சேர்த்து முப்பது டாலரை ஒட்டி வந்தது. சாதாரண வெண்ணெயோடு ஒப்பிட்டால் அநியாய விலைதான். கலிபோர்னியாவில் விற்பனை வரிக்கு மேல் கஞ்சாவுக்கென்று தனி வரியும் உண்டு. அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி இது இன்னும் குற்றம் என்பதால் கிரெடிட் கார்டு எடுக்க மாட்டார்கள். பணமோ டெபிட் கார்டோ கொண்டு போங்கள். 21 வயது ஆனதற்கான அடையாள அட்டையை வாசலிலேயே கேட்பார்கள்.

அக்காவுக்குக் கீமோ நடக்கிறது. குமட்டலில் எதையும் வாயில் வைக்க முடியவில்லை. குமட்டலைத் தணிக்கக் கஞ்சாவை யோசித்தோம், ஆனால் அவளுக்குப் புகை கூடவே கூடாது. கஞ்சா கலந்த 'கம்மி' (gummy) ஜெல்லி மிட்டாயின் தித்திப்பே அவளுக்கு ஓங்கரிப்பைக் கொண்டுவந்தது. புற்றுநோய் மருத்துவரிடம் கேட்டோம். அவர் மற்ற மாத்திரைகளின் பட்டியலைப் பார்த்துவிட்டு, 2.5 மில்லிகிராமில் தொடங்கலாம் என்றார். அந்தப் பட்டியலைக் காட்டாமல் யாரும் ஆரம்பிக்காதீர்கள். ரத்தத்தை இளக்கும் வார்ஃபரின் போன்ற மருந்துகளோடு கஞ்சா மோதும்.

டப்பாவில் எனக்குக் கோபம் வந்த இடம் ஒன்று உண்டு. 'பத்துப் பரிமாறல், ஒவ்வொன்றிலும் 10 மில்லிகிராம்' என்று போட்டிருக்கிறார்கள். ஒரு பரிமாறல் எத்தனை ஸ்பூன் என்று எங்கேயும் இல்லை. நோயாளிக்கு வாங்குபவர் அதைத்தானே முதலில் தேடுவார்? கணக்கு போட்டால் 10 மில்லிகிராமுக்கு 11.3 கிராம் வெண்ணெய், 2.5 மில்லிகிராமுக்கு 2.8 கிராம். அரை டீஸ்பூனுக்குச் சற்று மேல். கண்மதிப்பு இங்கே உதவாது. சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

வெண்ணெய் நன்றாகவே இருக்கிறது. பச்சைப் புல் வாசனை இருக்கும். சூடான சாதத்தில் அது கொஞ்சம் தூக்கலாகவும் தெரியும். மிளகு ரசமும் பெருங்காயமும் அதை அடக்கிவிடுகின்றன, தயிர் சாதத்தில் அடங்கவில்லை. இதைத் தாளிக்க எடுக்காதீர்கள். கடுகு வெடிக்கும் சூட்டில் வெண்ணெய் கருகும், மருந்தும் வீணாகும். தாளிப்பை வழக்கமான நெய்யில் முடித்துவிட்டு, அடுப்பிலிருந்து இறக்கிய பருப்பு சாதத்தில் இதைக் கலந்தால் போதும்.

அதையும் பானையில் கலக்காதீர்கள். கேசரி, பொங்கல் என்று மொத்தமாகக் கிளறினால் ஒரு கரண்டியில் அதிகமாகவும் இன்னொன்றில் குறைவாகவும் போகும். வீட்டில் குழந்தைகளும் அதே பானையில்தான் சாப்பிடுகிறார்கள். அக்காவின் தட்டில் சாதத்தைப் போட்டு, எடை பார்த்த வெண்ணெயை அதன் மேல் வைத்துப் பிசைந்து கொடுக்கிறேன். அளவும் தவறாது, மற்றவர்களுக்கும் பயமில்லை.

இலையை வாங்கி வீட்டிலேயே செய்தால் மலிவு என்று நண்பர்கள் சொன்னார்கள். 115 டிகிரி செல்சியஸ் வாக்கில் அரை மணி நேரத்துக்கு மேல் ஓவனில் வாட்டி, அப்புறம் வெண்ணெயில் சிறு தீயில் மணிக்கணக்கில் வைக்க வேண்டும். செய்யலாம்தான். ஆனால் அதில் எத்தனை மில்லிகிராம் இறங்கியது என்பதை ஆய்வகத்தில் சோதித்தால்தான் தெரியும். கடை டப்பா அந்தச் சோதனையைத் தாண்டி வந்தது. நோயாளிக்கு என்றால் அந்த முப்பது டாலர் எனக்குச் சம்மதமே.

சாப்பிட்டதும் வேலை செய்யாது. அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம்கூட ஆகும். கல்லீரல் டிஹெச்சியை இன்னும் வீரியமான வடிவமாக மாற்றுவதால் புகையைவிட நீண்ட நேரம் நிற்கும். ஒன்றும் தெரியவில்லையே என்று இரண்டாவது முறை எடுப்பதுதான் பலரையும் அவசர சிகிச்சைப் பிரிவுவரை கொண்டுபோகிறது. அன்றைக்கு வண்டியும் ஓட்டக்கூடாது.

அக்காவுக்குக் குமட்டல் முழுக்கப் போகவில்லை. வாய் வறள்கிறது, தூக்கம் வருகிறது. ஆனாலும் ஒரு கிண்ணம் ரசம் சாதம் உள்ளே போகிறது. எனக்கு அது பெரிய விஷயம். டப்பாவின் மேல் முக்கோணத்துக்குள் கஞ்சா இலையும் ஆச்சரியக்குறியும் அச்சிட்டிருக்கும். அது குழந்தைகளுக்குப் புரியாது என்பதால் பூட்டு போட்ட பெட்டிக்குள் வைத்துத்தான் ஃப்ரிட்ஜில் வைக்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.