கொசுவைப் படமெடுக்க எது நல்லது: 100 மி.மீ. மேக்ரோவா, எக்ஸ்டென்ஷன் டியூபா?

கொசுவை நெருக்கத்தில் படமெடுக்கும் ஆசையில், கையிலிருந்த 50 மி.மீ. லென்ஸோடு எக்ஸ்டென்ஷன் டியூப், அதாவது கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே வைக்கும் குழாய், மாட்டித்தான் ஆரம்பித்தேன். சில மாதம் அதோடு மல்லுக்கட்டிவிட்டு நெருக்கப் படங்களுக்கென்றே செய்த 100 மி.மீ. மேக்ரோ லென்ஸுக்கு மாறினேன். இப்போது யார் கேட்டாலும் மேக்ரோவைத்தான் சொல்வேன்.

விலையிலும் எடையிலும் டியூப்தான் ஜெயிக்கும், அதில் பேச்சே இல்லை. படத்தின் தரத்தையும் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. டியூபுக்குள் கண்ணாடியே கிடையாது, வெறும் காலிக் குழாய்தான். வாங்கினால் மின்தொடர்பு முனைகள் உள்ளதாக வாங்குங்கள். இல்லாவிட்டால் பல லென்ஸ்களில் வெளிச்சம் நுழையும் துளையான அபெர்ச்சரை மாற்ற முடியாமல் திண்டாட வேண்டியிருக்கும்.

என்னை மாற வைத்தது தூரம். லென்ஸின் முனைக்கும் கொசுவுக்கும் நடுவே எவ்வளவு இடம் கிடைக்கிறது என்பதுதான் விஷயம். 1:1 அளவில், அதாவது கொசு அதன் நிஜ அளவிலேயே கேமரா சென்சாரில் விழும்போது, 100 மி.மீ. மேக்ரோ ஏறக்குறைய 14 செ.மீ. தருகிறது. 50 மி.மீ. லென்ஸும் டியூபும் சேர்ந்தால் ஆறேழு செ.மீ.தான். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் பெண் கொசு நம்மைத் தேடி வருவதே மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடையும் உடல் சூட்டையும் வைத்துத்தான். டியூபோடு குனிந்தால் என் மூச்சு நேராக அதன் மேல் படும். இலையில் இருந்தது எழுந்து கன்னத்துக்கு வந்துவிடும். மூச்சை அடக்கிக்கொண்டு எத்தனை படம்தான் எடுப்பது?

வெளிச்சமும் இதே தூரத்தைப் பொறுத்ததுதான். ரொம்ப நெருங்கினால் லென்ஸின் நிழலே கொசுவை மூடிவிடும். ஃபிளாஷ் வெளிச்சம் முழுதாக வந்து சேராது. அபெர்ச்சரைச் சுருக்கி எஃப் 11 வைத்தாலும் 1:1-இல் தெளிவாக விழும் ஆழம் ஒரு மி.மீ.க்குச் சற்று மேல்தான். சுருக்கச் சுருக்க வெளிச்சமும் குறையும், அதனால் ஃபிளாஷ் இல்லாமல் வேலை ஆகாது. 14 செ.மீ. இருந்தால் ஃபிளாஷ் வெளிச்சத்தை மென்மையாக்கும் டிஃப்யூசரைத் தாராளமாக வைக்கலாம். பக்கவாட்டுக்கு நகரவும் இடம் உண்டு. அனோஃபிலஸ் வகைக் கொசு வாலைத் தூக்கிச் சாய்ந்து உட்காரும், க்யூலக்ஸ் வகை உடலைப் படுக்கையாக வைத்திருக்கும். இந்த அழகெல்லாம் பக்கவாட்டில்தான் தெரியும். ஆண் கொசுவின் இறகு போன்ற உணர்கொம்புகளை முதல்முறை தெளிவாக எடுத்தது மேக்ரோவில்தான். அன்று பட்ட சந்தோஷம் இன்னும் மறக்கவில்லை.

மேக்ரோவிலும் குறை உண்டு. பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 1:1-இல் 5 மி.மீ. கொசு படத்தின் அகலத்தில் ஏழில் ஒரு பங்குதான் வரும். இன்னும் பெரிதாகக் காட்ட வேண்டுமானால் லென்ஸின் முன்னால் க்ளோஸ்-அப் லென்ஸ் என்னும் உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்ட வேண்டும். அப்போது தூரம் மறுபடி பாதியாகிவிடும். அதனால் முதலில் 1:1-இல் நாலு படம் எடுத்து வைத்துக்கொள்கிறேன். கொசு அசையாமல் இருந்தால் அப்புறம் மாட்டுவேன்.

லென்ஸைத் திருப்பி மாட்டும் ரிவர்ஸ் ரிங்கை இரண்டே மாலைகள்தான் பயன்படுத்தினேன். தூரம் ரொம்பக் குறைவாகப் பட்டது. அதற்கு மேல் அதைப் பற்றித் தீர்ப்பு சொல்வது நியாயமில்லை.

எந்த வழியில் போனாலும் கையைக் கடிக்கக் கொடுத்துப் படமெடுக்காதீர்கள். காலில் வெள்ளைப் பட்டையோடு பகலில் வரும் ஏடிஸ் கொசு டெங்கு பரப்பும். முழுக்கை சட்டை போடுங்கள். டீட் (DEET) என்னும் ரசாயனம் கலந்த கொசு விரட்டி பூசினால் விரல்களைக் கழுவிவிட்டுக் கேமராவைத் தொடுங்கள். அது பிளாஸ்டிக்கை அரித்துவிடும்.