பெர்ஃபார்மன்ஸ் கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: ‘தவறான பயன்பாடு’ என்று என் வாரண்டியை மறுத்தார்கள்

பெர்ஃபார்மன்ஸ் கார் (வேகத்துக்கென்றே செய்த கார்) வைத்திருப்பவர்களும் வாங்கப் போகிறவர்களும் இதைப் படித்துவிடுங்கள். வாரண்டி முடியும் முன்பே என் காரின் எஞ்சின் போய்விட்டது. செலவை ஏற்க முடியாது என்று கம்பெனி கைவிரித்துவிட்டது. காரில் நான் எதையும் மாற்றியதில்லை. ரீமேப் (சக்தியைக் கூட்ட எஞ்சினின் மென்பொருளை மாற்றுவது) செய்யவில்லை, வேறு எக்ஸாஸ்ட் போடவில்லை, சர்வீஸ் எல்லாம் அவர்களிடமே நேரத்துக்குச் செய்தது.

எஞ்சினுக்குள் டக் டக்கென்று தட்டும் சத்தம் கேட்டது, கூடவே ஆயில் பிரஷர் விளக்கும் எரிந்தது. உடனே ஓரங்கட்டி அணைத்துவிட்டேன். இழுத்துக்கொண்டு போய் டீலரிடம் விட்டதும், கனெக்டிங் ராடு பேரிங் (எஞ்சினுக்குள் பிஸ்டனோடு இணைந்த தண்டின் பேரிங்) தேய்ந்துவிட்டது என்றார்கள். “வாரண்டியில் வந்துவிடும் சார், கவலைப்படாதீங்க” என்று முதலில் சொன்ன சர்வீஸ் அட்வைசர், கம்பெனி ஆள் வந்து ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) பதிவுகளைப் பார்த்துவிட்டுப் போனதும் பேச்சை மாற்றினார். “ஓவர்-ரெவ் பதிவாகியிருக்கு சார். இது தவறான பயன்பாடு, கம்பெனி ஏற்காது.”

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஓவர்-ரெவ் என்றால் எஞ்சின் அதன் வரம்பைத் தாண்டிய வேகத்தில் சுற்றுவது. என்னுடையது டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ், கிளட்ச் மிதி இல்லாமல் கணினியே கியரை மாற்றும் வகை. ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் ரெவ் லிமிட்டர் குறுக்கிட்டு எஞ்சினை வரம்புக்குள் நிறுத்திவிடும். அதையும் மீறி எஞ்சினைச் சுற்றவைக்க வேண்டுமானால், நல்ல வேகத்தில் போகும்போது தப்பான கீழ் கியருக்கு மாற்ற வேண்டும். மேனுவல் காரில் அது நடக்கும். என் காரில் ஸ்டியரிங்கில் இருக்கும் கியர் மாற்றும் பேடிலை எத்தனை முறை இழுத்தாலும், எஞ்சின் தாங்காத கியரைக் கியர்பாக்ஸ் கணினி போடவே போடாது. அப்படியிருந்தும் ஓவர்-ரெவ் நடந்திருந்தால், அதைச் செய்தது அவர்கள் எழுதிய மென்பொருளா, நானா? இதற்குப் பதில் வரவில்லை. எத்தனை ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று), எவ்வளவு நேரம், கார் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தபோது என்று கேட்டேன். “உள் தகவல், தர முடியாது” என்றார்கள். சரி, மறுப்பையாவது எழுத்தில் கொடுங்கள் என்று விடாமல் கேட்டேன். கடைசியில் வந்த கடிதத்தில் ஓவர்-ரெவ் என்ற பேச்சே இல்லை. ‘தவறான பயன்பாட்டுக்கான அறிகுறிகள்’ என்று ஒரு வரி இருந்தது, அவ்வளவுதான். வாரண்டி புத்தகத்தின் எந்த விதிப்படி மறுக்கிறார்கள் என்றுகூடக் குறிப்பிடவில்லை.

இது எனக்கு மட்டும் நடந்ததில்லை. நிஸான் ஜிடி-ஆர் வந்த புதிதில், ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலை (கார் சறுக்காமல் காக்கும் வசதி) அணைத்துவிட்டு லாஞ்ச் கண்ட்ரோலில் (நின்ற இடத்திலிருந்து அதிவேகமாகக் கிளப்பும் வசதி) கிளம்பியவர்களுக்குக் கியர்பாக்ஸ் பழுதானது. வாரண்டி கிடையாது என்று அமெரிக்காவில் மறுக்கப்பட்டு, அது பெரிய சர்ச்சையானது. 2022-ல் அதே நாட்டில் டொயோட்டா ஜிஆர்86 வைத்திருந்த ஒருவருக்கு, அவர் கார் டிரிஃப்ட் செய்யும் (வேண்டுமென்றே பக்கவாட்டில் சறுக்கி ஓடும்) படங்கள் சமூக ஊடகத்தில் இருந்ததைக் காட்டி எஞ்சின் கிளெய்மை மறுத்தார்கள். விஷயம் வெளியே பரவிய பிறகுதான் கம்பெனி இறங்கி வந்தது. இத்தனைக்கும் அந்தக் காரை அங்கே வாங்குகிறவர்களுக்கு பந்தய டிராக்கில் ஓட்டிப் பார்க்க ஒரு இலவச வாய்ப்பையும் அந்தக் கம்பெனியே சேர்த்துத் தருகிறது. விளம்பரத்தில் டிராக்கைக் காட்டி விற்றுவிட்டு, கிளெய்ம் வரும்போது டிராக்கையே குற்றமாகச் சொல்வது எந்த விதத்தில் நியாயம்? நேர்மையாக நடக்கவும் முடியும். ஹுண்டாய் தன் ‘என்’ வகை பெர்ஃபார்மன்ஸ் கார்களுக்கு, போட்டியாக இல்லாத டிராக் ஓட்டமும் வாரண்டிக்குள் வரும் என்று ஆஸ்திரேலியாவில் வெளிப்படையாகவே அறிவித்தது.

வாங்கும் முன் வாரண்டி புத்தகத்தில் ‘போட்டி’, ‘பந்தயம்’, ‘தவறான பயன்பாடு’ ஆகியவற்றுக்கு என்ன விளக்கம் இருக்கிறது என்று பாருங்கள். விளக்கமே இல்லையென்றால், டிராக் டே (சொந்தக் காரைப் பந்தய டிராக்கில் ஓட்டும் நாள்) போனால் வாரண்டி உண்டா என்று ஈமெயிலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது எதுவும் பின்னால் நிற்காது.

ரீமேப் செய்தவர்கள் சர்வீஸுக்கு முன் பழைய மென்பொருளை ஏற்றிவிட்டால் தெரியாது என்று நம்ப வேண்டாம். ஃபோக்ஸ்வாகன், ஆடி கார்களில் ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் மென்பொருள் மாற்றப்பட்டதைக் காட்டும் டிடி1 என்ற குறி அந்தக் காரின் பெயரில் ஏறிவிடும். ஆனால் வேறு கம்பெனி பாகம் போட்டதாலேயே வாரண்டி முழுவதும் போய்விட்டது என்று யாராவது சொன்னால், அதையும் அப்படியே ஒப்புக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவில் 1975-ல் வந்த மேக்னஸன்-மாஸ் சட்டப்படி, அந்தப் பாகம்தான் பழுதுக்குக் காரணம் என்று கம்பெனி காட்ட வேண்டும். உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, எஞ்சினைப் பிரிக்க அவர்கள் நீட்டும் ஒப்புதல் படிவம். கிளெய்ம் மறுக்கப்பட்டால் பிரித்த கூலி உங்கள் தலையில் விழும் என்று அதில் இருக்கும். கையெழுத்துக்கு முன் அதைப் பேசி முடியுங்கள். பிரிக்கும்போது நீங்களோ உங்கள் சார்பில் ஒரு மெக்கானிக்கோ கூட இருக்க வேண்டும் என்று கேளுங்கள். பழைய ஆயிலில் ஒரு பாட்டில், ஆயில் ஃபில்டர், தேய்ந்த பேரிங் மூன்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நான் வாங்கி வைத்ததால்தான், வெளியிலிருந்து வந்த பொறியாளர் ஒருவரால் பேரிங்கைப் பார்த்து, ஆயில் போய்ச் சேராமல் தேய்ந்தது என்று எழுதித் தர முடிந்தது.

அந்த அறிக்கையை அனுப்பியதும் கம்பெனியின் குரல் மாறியது. “நல்லெண்ண அடிப்படையில்” பாதிச் செலவை ஏற்பதாகச் சொல்லி ஒரு தாள் அனுப்பினார்கள். இந்தப் பழுது பற்றி இனி எந்த உரிமையும் கோர மாட்டேன், வெளியிலும் பேச மாட்டேன் என்று அதில் ஒரு பத்தி இருந்தது. நான் கையெழுத்துப் போடவில்லை, நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறேன். உங்களுக்கும் இப்படி ஒரு தாள் வந்தால், வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டாமல் பேனாவை எடுக்காதீர்கள்.