கழுத்துப் பிடிப்பு: ஒத்தடமா, கரண்டா, ரப்பர் பட்டையா?

பிடரியிலிருந்து தோள் முனை வரை விரிந்திருக்கும் ட்ரபீசியஸ் தசை இறுகிவிட்டால், அழுத்தும்போது புளியங்கொட்டை மாதிரி ஒரு முடிச்சு தட்டுப்படும். எனக்கு அது வலப்பக்கம், மவுஸ் பிடிக்கிற பக்கம்.

பிசியோவிடம் போனால் முதலில் ஹாட் பேக்தான். வெந்நீர்த் தொட்டியிலிருந்து எடுத்து, துண்டில் சுற்றி, 15 முதல் 20 நிமிடம் வைப்பார்கள். சூடு இறங்க இறங்கத் தசை இளகும். கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து வீட்டில் கொடுக்கிற ஒத்தடத்துக்கும் இதற்கும், கட்டணத்தைத் தவிர எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. சர்க்கரை நோயால் தோல் மரத்தவர்களுக்கு மட்டும் எச்சரிக்கை தேவை; சுட்டாலும் தெரியாது.

அடுத்து 'கரண்ட்', அதாவது தோல் வழியாக மெல்லிய மின்சாரம் செலுத்தும் டென்ஸ், ஐஎஃப்டி சிகிச்சைகள். எறும்பு ஊர்வது போலிருக்கும். வலிச் செய்தி மூளைக்குப் போகும் வழியை வேறோர் உணர்வால் மறிப்பதுதான் சூட்சுமம். மெல்சாக், வால் என்ற இரு வலி ஆய்வாளர்கள் 1965-ல் சொன்ன 'கேட்' (கதவு) கோட்பாடு. இது வலியை அடக்கும், தசையைப் பலப்படுத்தாது. காலையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் போனால் சாயங்காலம் பழைய கதைதான். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

ஜெல் தடவி ஒலி அலை செலுத்தும் அல்ட்ராசவுண்ட் சிகிச்சைக்கு நான் காசு கொடுக்க மாட்டேன். ஜெல் குளிர்ச்சியாக இருக்கும். கழுத்துப் பிடிப்புக்குப் பலன் தருவதற்கான ஆதாரம் மெலிது.

மசாஜ் சுகம், ஓரிரு நாள் தாங்கும். ஆனால் சலூனில் தலையைப் பிடித்துச் சடக்கென்று திருப்பிச் சொடக்கு எடுப்பது வேண்டவே வேண்டாம். அபூர்வமாகத்தான் என்றாலும், கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்ததுண்டு.

கடைசியில் ரப்பர் பட்டை, அதாவது இழுத்துப் பயிற்சி செய்கிற நீளப் பட்டை. டென்மார்க்கில் கழுத்து, தோள் வலியுள்ள 198 அலுவலக ஊழியர்களை வைத்து 10 வாரம் சோதித்த ஆய்வு 2011-ல் வெளியானது. வாரத்தில் 5 நாள், ஒரு குழு தினம் 2 நிமிடம், இன்னொன்று 12 நிமிடம் இந்தப் பட்டையால் பயிற்சி செய்தது. இரண்டு குழுவுக்குமே வலி குறைந்தது. பட்டையின் நடுவைக் காலால் மிதித்து, முழங்கையை லேசாக மடக்கி, இரு கைகளையும் பக்கவாட்டில் தோள் உயரம் தூக்கி மெதுவாக இறக்க வேண்டும். வேகமாக இறக்கினால் பாதிப் பயன் போச்சு.

தசை இறுகிக் கிடக்கும்போது கையைத் தூக்க மனம் வராது. அதனால் நான் முதலில் ஒத்தடம் கொடுத்து, உப்பு மூட்டை ஆறியதும் பட்டையை எடுக்கிறேன். வலி கையில் இறங்கி விரல் மரத்தாலோ, பிடி தளர்ந்து டம்ளர் நழுவினாலோ, இதில் எதுவும் வேண்டாம். நேரே டாக்டரிடம் போய்விடுங்கள்.